தோடி காந்தாரம்: வீணையோடு ஒன்பதாவது வருடம்

2016 ஜூனில் வீணை பழக ஆரம்பித்தபோது எனக்கு 43 வயது. அன்றன்றைக்கு என்ன வாசித்தேன் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பது அப்போதிலிருந்தே பழக்கம். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. இந்த மாதம் தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், பழைய நோட்டுகளையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் டீச்சர் வீட்டில் வாரம் இரண்டு நாள் பாடம். முதல் எட்டு மாதம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள் மட்டும்தான், மூன்று வேகத்திலும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். கை ஓட ஆரம்பித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வரும். நான் கூடத்தில் தனியாக வாசித்துக்கொண்டிருப்பேன். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ அவர் சொன்னதே இல்லை. ஒருநாள் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்த மத்யமம் உனக்குப் போதுமாம்மா?"

போதவில்லைதான். விரல் தந்தியை அரைகுறையாக அழுத்தியதில் சத்தம் இரைந்து, நாதம் பாதியிலேயே செத்துப்போனது. அத்தனை நேரமும் அதை நானேதான் வாசித்தேன், ஆனால் காதில் விழவில்லை. "தப்பு" என்று அவர் சொல்லியிருந்தால் அந்த மத்யமத்தை மட்டும் திருத்திக்கொண்டு போயிருப்பேன். போதுமா என்று கேட்டுவிட்டதால் ஒவ்வொரு ஸ்வரத்திடமும் அதையே கேட்க வேண்டியதாயிற்று. அன்றைய பக்கத்தில் "ம – போதுமா?" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

வீட்டில் எனக்குக் கிடைத்த நேரம் காலை நாலே முக்கால். எல்லோரும் தூங்குவார்கள். பின்னறையில் பாயை விரித்து, இடது கை விரல்களில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்காருவேன். முதல் இரண்டு வருடம் அந்தத் தனிமை எனக்குப் பிடிக்கவே இல்லை. யாரும் கேட்காத இடத்தில் எதற்கு வாசிக்கிறேன் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் செல்போனில் பதிவு செய்து தங்கைக்கு அனுப்புவேன். அவள் பதில் போடும்வரை சமையலில்கூடக் கை ஓடாது. இதை டீச்சரிடம் சொன்னபோது, "ஒரு மாசம் அனுப்பாம இருந்து பாரேன்" என்றார். பத்து நாள் நிலைகொள்ளவில்லை. பதினொன்றாம் நாள் நோட்டில் இப்படி இருக்கிறது: "மழை. வாசித்து முடித்ததே தெரியவில்லை. பால்காரர் மணி அடித்தார்." அதற்குப் பிறகு நான் பதிவு செய்வதில்லை.

வீணை சத்தமும் சின்னதுதானே. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார் என்பார்கள். பெரிய வித்வான்கள்கூட வந்து உட்கார்ந்து மூச்சு விடாமல் கேட்டிருக்கிறார்கள். விடிகாலையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூடத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சத்தத்தைக் கூட்டி யாரையும் கூப்பிடாத வாத்தியம், கேட்கிறவர்தான் அதன் பக்கத்தில் போக வேண்டும்.

என்னுடையது தஞ்சாவூர் ஒட்டு வீணை. பலா மரத்தில் குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து இணைத்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு அப்போது வசதிப்படவில்லை. 24 மெட்டுகளும் (ஸ்வரத்துக்கு விரல் வைக்கும் குறுக்குக் கட்டைகள்) கறுப்பு மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். அது தேன்மெழுகில் கரித்தூள் கலந்து செய்வது. 2019 மே மாத வெயிலில் மெழுகு இளகி இரண்டு மெட்டுகள் நகர்ந்துவிட்டன. தஞ்சாவூர் போய் மேளம் கட்டிக்கொண்டு, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் மறுபடி பதித்துக்கொண்டு வந்தேன். கட்டியவர் ஒரு மெட்டை வைப்பார், தந்தியை மீட்டிக் கண்ணை மூடிக் கேட்பார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி கேட்பார். வாசலில் பஸ் ஹாரன், அடுத்த அறையில் மரம் இழைக்கும் சத்தம். அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. அன்றைக்கு டீச்சர் சமையலறையிலிருந்து என் மத்யமத்தைக் கேட்டதும் இதே மாதிரிக் காதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2021இல் டீச்சர் மகளோடு இருக்க பெங்களூரு போய்விட்டார். அப்புறம் மாதம் ஒரு போன்தான்.

2022 ஐப்பசியில் அப்பா தவறிப்போனார். இரண்டு மாதம் வீணையின் உறையைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் அழுகை வரும் என்பது ஒன்று. அழுகை வராமல் போனால் என்ன செய்வது என்பது இன்னொன்று. டீச்சரிடம் இரண்டையுமே சொன்னேன். "வாசிக்க வேண்டாம். தினம் எடுத்துத் துடைச்சு, சுருதி சேர்த்து வெச்சிடு. அது போதும்" என்றார். அப்படியே செய்தேன். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி நாலு தந்தியையும் தாளத் தந்தி மூன்றையும் 3 கட்டை சுருதிக்குச் சேர்த்து, நுணுக்கமாகச் சுருதி திருத்தும் லங்கரை நகர்த்திச் சரி செய்து, உறை போட்டுவிடுவேன். பதினைந்து நிமிடம். 38 நாள் நோட்டில் "சுருதி" என்ற ஒரே சொல்தான். 39ஆம் நாள் மந்தர ஸ்தாயி ஷட்ஜம், கீழ் 'ஸ', அதிர்ந்து அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விரல் தானாக அடுத்த ஸ்வரமான ரிஷபத்துக்குப் போயிற்று. அழுதேன், வாசித்துக்கொண்டேதான்.

இனி தோடி. காந்தார மெட்டில் விரலை வைத்து நேராக மீட்டினால் காந்தாரம் வரும், தோடி வராது. ரிஷப மெட்டில் வைத்துத் தந்தியை இழுத்து, காந்தாரத்தைத் தொட்டு அசைக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. காது நிறுத்தினால்தான் கை நிற்கும். ஜனவரி முழுக்க அதிகமாக இழுத்து மத்யமத்தில் போய் முட்டினேன். மார்ச்சில் அசைவு வந்தது, ஆனால் நடுங்குகிற அசைவு. ஆள்காட்டி விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு கறுத்துக் காய்த்திருக்கிறது. இழுக்கும்போது நடுவிரலையும் சேர்த்து அழுத்திய பிறகுதான் நடுக்கம் குறைந்தது.

போன வாரம் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு டீச்சருக்கு ஐந்து தடவை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உனக்கு எப்படி இருந்தது?"

"மூணாவது சரியா வந்தது டீச்சர். நாலாவதுல அவசரப்பட்டுட்டேன். அஞ்சாவது மூணாவதை மாதிரி வாசிக்கணும்னு நினைச்சு வாசிச்சது."

"சரிம்மா. வெச்சிடட்டுமா? அடுப்புல பால் இருக்கு."

போனை ஓரமாக வைத்துவிட்டு ரிஷபத்தில் மறுபடி விரலை வைத்தேன். விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.