சிட்னியில் தன்னார்வத் தீயணைப்பாளன் ஆன கதை

2019 கடைசியில் சிட்னிக்கு வடமேற்கே கோஸ்பர்ஸ் மலைக் காட்டுத் தீ எரிந்தபோது சிட்னியில் எங்கள் வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம். அந்த ஒரு தீ மட்டும் அணைவதற்குள் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றுவிட்டது. மஞ்சள் உடுப்போடு டிவியில் வந்தவர்களை அரசாங்க ஊழியர்கள் என்றே நினைத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் சம்பளமே வாங்காதவர்கள், பிளம்பர், டீச்சர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நானும் ஜனவரியில் விண்ணப்பம் போட்டேன். ஊரில் பாதிப் பேர் அதே மாதம் போட்டிருந்தார்கள் போல, போலீஸ் சரிபார்ப்பு, நேர்முகம் எல்லாம் முடியவே மாதக்கணக்கில் ஆனது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சம்பளம் கிடையாதா? அப்ப எதுக்குடா?" இன்றுவரை சரியான பதில் கைவசம் இல்லை.

பயிற்சி வார இரவுகளிலும் ஞாயிறுகளிலும். பம்பு, ரேடியோ, வரைபடம், குழாய் சுருட்டுவது, மறுபடி குழாய் சுருட்டுவது. வயிற்றைக் கலக்கியது ஒன்றுதான்: தீ வண்டியையே சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற ஒத்திகை. ஜன்னலை ஏற்றி, வெப்பத் திரையை இழுத்துவிட்டு, வண்டியைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்து, கம்பளிப் போர்வைக்குள் குனிந்து கிடக்க வேண்டும். நெருப்பே இல்லாத மைதானத்தில் செய்தபோதே என் கை நடுங்கியது.

உண்மையில் பெரிய சுவாலையோடு சண்டை போடுவது கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் அணைந்த காட்டில் துப்புரவு. முதல் முறை ஒரே ஒரு யூக்கலிப்டஸ் கட்டையோடு நாற்பது நிமிடம் போராடினேன். தண்ணீர் அடித்தால் வெளியே கறுப்பாகிவிடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்; ரேக்ஹோவால் (ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் மண்வெட்டி உள்ள கருவி) புரட்டி, மண்ணைக் கிளறி, கையுறையைக் கழற்றிப் புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, மறுபடி தண்ணீர். அதற்குள் தலைக்கு மேலேயும் ஒரு கண் வேண்டும், உள்ளே எரிந்து கோறையான மரம் சத்தமே போடாமல் கிளையை உதிர்க்கும்.

வேலையிடம் இன்னொரு தலைவலி. இப்படிப் போவதற்குச் சட்டப்படி விடுப்பு உண்டு, ஆனால் சம்பளம் பிடிப்பார்கள். மேனேஜர் முதல் தடவை கைகொடுத்துப் பாராட்டினார், மூன்றாவது தடவை "மறுபடியுமா?" என்றார். வீட்டில் மனைவி அதையும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். பொங்கலன்று பால் பொங்குகிற நேரத்தில் கிளம்பிப் போய், யாரோ தோட்டத்தில் இறைச்சி சுட்ட புகை என்று தெரிந்து திரும்பி வந்தவன் நான், என்ன சொல்ல முடியும்?

சேர நினைப்பவர்கள் கோடையில், அதாவது இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, போய் நிற்காதீர்கள். குளிர் தொடங்கும் மே, ஜூனில் கேளுங்கள், சொல்லிக்கொடுக்க அவர்களுக்கும் நேரம் இருக்கும். அப்புறம், பனியனும் சாக்ஸும் பருத்தியில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.