வேறு புதுப்பட்டிக்குப் போன நாரதர்

திருவிழா வள்ளி திருமணம் நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலையை மட்டும் சித்தப்பாவிடம் கொடுக்காதே என்று அப்பத்தா போன வருஷமே சொன்னது. அப்பா கேட்கவில்லை. தம்பி மனசு கோணக் கூடாதாம். அப்படிக் கோணாத மனசோடு சித்தப்பா திருப்பத்தூரில் அடித்துக்கொண்டு வந்த நோட்டீஸில் மேலே அய்யனார் சின்னதாக இருந்தார். அவருக்குக் கீழே சித்தப்பா பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி நின்றார். வள்ளி, முருகன், நாரதர், பபூன், டான்ஸ் எல்லோரும் அடியில் ரேஷன் கார்டு படம் அளவுக்கு ஒடுங்கிக் கிடந்தார்கள். 'புதுப்பட்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே எந்த வழி, எந்தத் தாலுகா என்பது மட்டும் இல்லை. அந்த இடத்தில் சித்தப்பாவின் முழங்கை வந்திருந்தது.

புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் எத்தனை புதுப்பட்டி உண்டு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு வர வேண்டிய மணியார்டர் வேறு புதுப்பட்டிக்குப் போயிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் வேறு புதுப்பட்டியில் இறங்கி, அங்கேயே பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணும் பிடித்துப்போய், கல்யாணமே நடந்திருக்கிறது. (சின்ன மாமா வீட்டில் இதைச் சொல்லாதீர்கள். அந்த மாப்பிள்ளை முதலில் அவர்களுக்குப் பார்த்தது.) அந்த வரிசையில் இந்த வருஷம் நாரதரும் சேர்ந்துவிட்டார்.

எங்கள் விழாக் கமிட்டியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தை மாசத்திலிருந்து கூட்டம். யார் பெயர் முதலில், யாருக்குப் பொன்னாடை, மைக்செட் யார் மச்சானுக்கு என்று ராத்திரி ராத்திரிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசினார்கள். மேடைக்கு எதிரே யாருக்கு நாற்காலி போடுவது என்பதற்காக மட்டும் ஒரு கூட்டம். அதில் முடிவு ஏற்படவில்லை. நாடகத்தன்று எல்லா நாற்காலிகளும் கோயில் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே இருந்தன. ஊர் மொத்தமும் தார்ப்பாயில் உட்கார்ந்தது. ஒருவருக்கொருவர் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள், மாசக்கணக்கில் பேசிச் செய்த ஏற்பாடு இது.

நாடகக்காரர்கள் கதை வேறு. வள்ளி மதுரையிலிருந்து, முருகன் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் திண்டுக்கல் பக்கத்திலிருந்து, ஆர்மோனியம் காரைக்குடியிலிருந்து. தெரியாதவர்களுக்காக: ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் ஏஜெண்டு மூலம் தனித்தனியாகப் பேசித் தாம்பூலம் கொடுப்பார்கள். அவரவர் டைரியில் அவரவர் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். நாடகத்தன்று சாயங்காலம் ஆளுக்கொரு பஸ்ஸில் ஆளுக்கொரு பெட்டியோடு வந்து இறங்குவார்கள். உடுப்பு, மேக்கப், பாட்டு எல்லாம் அவரவர் சொந்தம். ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டு, காலையில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் பாத்ரூம் உள்ள வீடு எங்களுடையது என்பதால் வருஷா வருஷம் மேக்கப் ரூம் நாங்கள்தான். அன்று வள்ளியம்மா வந்ததும் அத்தையின் கட்டிலில் காலை நீட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. எந்த எண்ணெய், எந்த வைத்தியர், படி ஏறினால் வலியா இறங்கினால் வலியா என்று ஒருமணி நேரம் பேச்சு. "பரண்ல ஏறி ஆலோலம் பாடணும்ல மதினி, அதான் கஷ்டம்" என்றது வள்ளி. நேற்றுவரை அத்தை யாரென்றே தெரியாது, அதற்குள் மதினி. மேடையில் பதினாறு வயசு என்று சொல்லிக்கொண்டுதான் வரும். அதை நம்பாமல் ஊரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

திண்ணையில் ஆர்மோனிய அண்ணன் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகன் வந்து கும்பிட்டார். வள்ளியும் முருகனும் சேர்ந்து ஆடுவது இதுதான் முதல் தடவையாம்.

"அக்காவுக்குச் சுருதி என்ன கட்டைண்ணே?"

"அஞ்சு. உங்களுக்கு?"

"எனக்கும் அதுவே இருக்கட்டும். தர்க்கம் நீளுமாண்ணே?"

"அக்காகிட்ட மாட்டுனா நீளும்."

முருகன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒத்திகை எப்போது என்று கேட்டேன். அதுதான் முடிந்துவிட்டதே என்றார் அண்ணன்.

அப்புறம் அவரே விளக்கினார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். அவர் எழுதிவைத்த பாடம் இவர்கள் எல்லோருக்கும் பாடம். வள்ளி தினைப்புனம் காக்கும், நாரதர் வந்து வம்பு வளர்ப்பார், முருகனிடம் போய்ச் சொல்வார், முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், யானை வரும், கல்யாணம் நடக்கும். பாட்டு சுவாமிகளுடையது. பாட்டுக்கு நடுவே வரும் பேச்சு மேடையில் நிற்கிறவருடையது. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பாராம். சுவாமிகளே 1918-இல் மதுரையில் பையன்களை வைத்துச் சபை நடத்தியவர்தான். ஸ்பெஷலுக்கு அதெல்லாம் ஆகாதாம். "ஒத்திகை பாத்தா எதிர்ல நிக்கிறவன் என்ன கேப்பான்னு தெரிஞ்சுபோயிரும். தெரிஞ்சுக்கிட்டுச் சொல்ற பதில்ல என்ன உப்பு இருக்கும்?" என்றார். அப்பத்தா உள்ளேயிருந்து, "கிட்டப்பா அப்பிடித்தான், நான் கேட்டிருக்கேன்ல" என்றது. அந்தக் காலத்து நாடகப் பாடகர் கிட்டப்பா 27 வயதில் 1933-இல் போய்விட்டார். அப்பத்தா பிறந்தது அதற்கு அப்புறம். எங்கள் வீட்டில் யாரும் அதைத் திருத்துவதில்லை.

மணி 10. மிருதங்கமும், பல தாள வாத்தியங்களை ஒரே ஆள் வாசிக்கிற ஆல்ரவுண்டும் சேர்ந்து முழங்கி, சாமி பாட்டு முடிந்து, பபூன் இறங்கியாகிவிட்டது. நாரதர் மட்டும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கும் மேடைக்கும் ஓடினார். ஏஜெண்டுக்குப் போன் போட்டால், "அவரு எட்டு மணிக்கே புதுப்பட்டியில எறங்கிட்டேன்னு சொன்னாரே" என்கிறார்.

மேடைக்குப் பின்னால் கமிட்டி மொத்தமும் கூடி ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்மோனிய அண்ணன் வாசித்துக்கொண்டே பபூனைப் பார்த்துப் புருவத்தை ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். பபூனுக்கு விளங்கிவிட்டது. அரைமணி நேரத்தில் முடிக்க வேண்டிய தனிக் காமெடியை ரப்பராக இழுத்தார். டான்ஸ் வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கையில் இருந்த சரக்கு தீர்ந்ததும் பபூன் இடுப்பிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்தார்.

"இந்த நாடகத்துல கூலிங் கிளாஸ் போட்ட முருகன் யாருப்பா?"

தார்ப்பாய் அதிர்ந்தது. சித்தப்பா பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தனுப்பினார். பபூன் அதை வாங்கி, ஒரு கையில் நோட்டீஸையும் இன்னொரு கையில் நோட்டையும் தூக்கிக் காட்டி, "படத்தப் பாத்தா பெருசா இருக்கு, நோட்டப் பாத்தா சின்னதா இருக்கே?" என்றார். சித்தி சிரித்ததைத்தான் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. ஐந்நூறு ரூபாய் போனது. அதற்கு இன்னொரு பாட்டு வந்தது. இப்படி இழுத்து இழுத்து மணி 12-ஐத் தாண்டினார்கள். நாரதர் வந்து நிற்க வேண்டிய நேரத்தில் அண்ணன் வேறொரு கண்ஜாடை காட்ட, வள்ளியை முன்னாலேயே பரணில் ஏற்றிவிட்டார்கள். பறவைகளை ஓட்டுகிற பாட்டு வழக்கத்தைவிட நீண்டது. அன்று ஓடிய கிளிகள் வேடந்தாங்கலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். முழங்கால் வலியோடு பரணில் அத்தனை நேரம் நிற்கிறாளே என்று அத்தை கீழே உட்கார்ந்து தன் காலைத் தடவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் நாரதர். கொண்டை, மாலை, நெற்றிக்கு நாமம், மடியில் தம்புரா. முழு வேஷம்.

விஷயம் இதுதான். மனிதர் வேறொரு புதுப்பட்டியில் இறங்கியிருக்கிறார். அங்கேயும் அன்று திருவிழா, அங்கேயும் வள்ளி திருமணம், அங்கேயும் ஒரு மேக்கப் ரூம். இவர் வரலாமா என்று யார் கேட்பார்கள்? உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, நிதானமாக வேஷம் கட்டி, எழுந்து திரும்பினால் எதிரே இன்னொரு நாரதர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கும்பிட்டார்களாம். வந்தது வந்தீர்கள், ஒரு விருத்தம் பாடிவிட்டுப் போங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பாடவைத்து, டீ கொடுத்து, ஒரு பையனைப் பைக்கோடு அனுப்பியிருக்கிறார்கள். வழியில் போலீஸ் நிறுத்தி ஹெல்மெட் எங்கே என்று கேட்டதாம். இவர் கொண்டையைக் காட்டினாராம். போகச் சொல்லிவிட்டார்கள்.

பைக்கிலிருந்து இறங்கியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஆர்மோனியம் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தார். "நாராயண" என்று இழுத்தபடியே படி ஏறிவிட்டார். வள்ளிக்கும் இவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. பரணிலிருந்து மெதுவாக இறங்கிய வள்ளி, அவரை மேலும் கீழும் பார்த்தது.

"மூன்று உலகமும் நினைத்த நேரத்தில் சுற்றிவருகிற முனிவரே, இந்த வனத்துக்கு வர மட்டும் நடுச்சாமம் ஆனதென்ன?"

"அம்மணி, உன்னைப்போல் இன்னொரு வனத்தில் இன்னொரு வள்ளி இருக்கக் கண்டேன். எது மாயை, எது மெய் என்று தெளிய நேரமானது."

"தெளியாதவர் திரிலோக சஞ்சாரி எப்படி ஆனீர்?"

"வனத்தின் பெயரை எழுதியவன் வழியை எழுதவில்லையே தாயே! வழி தெரியாத ஜீவன் அலையாமல் என்ன செய்யும்?"

ஆர்மோனியம் அந்த இடத்தில் ஒரு சிரிப்பு சிரித்தது. சத்தியமாகச் சிரித்தது. அங்கிருந்து தர்க்கம் பெண் பெரியவளா ஆண் பெரியவனா என்று தாவி, இல்லறமா துறவறமா என்று ஏறி, ஜீவன், பரம், பக்தி என்று எங்கெங்கோ போனது. பாதி நிஜக் கோபம், பாதி பாடம். எது எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. நாரதருக்கு ஒரு இடத்தில் பாட்டின் அடி தட்டியபோது அண்ணன் பின்பாட்டில் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தார். இவர் பிடித்துக்கொண்டு போனார். தாமதம் செய்தவரைத் தாமதத்தை வைத்தே நாடகத்துக்குள் இழுத்துவிட்ட அந்த வேலையை எங்கள் கமிட்டியிடம் கொடுத்திருந்தால் இன்னும் தீர்மானம் எழுதிக்கொண்டிருப்பார்கள். அப்பத்தா தூங்கவே இல்லை. கிட்டப்பா பாடிப் புகழ்பெற்ற அந்த வேடன் பாட்டை முருகன் எடுத்தபோதுதான் கண்ணை மூடியது. விடியும்போது மாலை மாற்றி முடிந்தது.

கணக்கு முடிக்கிறபோது பொருளாளர், நாரதருக்கு ஆயிரம் ரூபாய் கழிக்க வேண்டும் என்றார். இரண்டரை மணி நேரத் தாமதமாம். நோட்டீஸில் வழி போடாதது யார் என்று அப்பா கேட்டார். சித்தப்பா ஆகாயத்தைப் பார்த்தார். கழித்தே விட்டார்கள். அதே நோட்டுப் புத்தகத்தில் 'கமிட்டிக் கூட்டம் - டீ, வடை' என்று மூன்று பக்கம் ஓடுகிறது. அதைப் பற்றி நான் வாயைத் திறந்ததும், சின்னப் பிள்ளைகள் கணக்கில் தலையிடக் கூடாது என்றார்கள். என் மூத்தவன் பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

நாரதர் ஒன்றும் சொல்லவில்லை. வேஷம் கலைத்து, லுங்கி கட்டி, திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அவரைக் கொண்டுவந்து விட்ட பையன் ராத்திரி முழுக்க நாடகம் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். ஊருக்குப் போன் போட்டுப் பேசியவன், கோயில் கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிவந்து, ஆயிரத்தொரு ரூபாய் வைத்து நாரதரிடம் நீட்டினான். அவர்கள் ஊரில் அந்த ஒரு விருத்தமே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்றாம். அடுத்த வருஷமும் இதே நாள்.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். "எங்க திண்ணையில உக்காந்து, எங்க இட்லியத் தின்னுக்கிட்டு, எங்க நாரதருக்கே தாம்பூலமா?" அதே வேகத்தில் தன் பையிலிருந்தும் ஒரு முன்பணத்தை எடுத்து நீட்டினார். நாரதர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். டைரியை எடுத்தார். அடுத்த வருஷத் தேதியைப் போட்டு, 'புதுப்பட்டி' என்று எழுதி மூடிவிட்டார்.

"எந்தப் புதுப்பட்டி?" என்று சித்தப்பாவும் பையனும் சேர்ந்து கேட்டார்கள்.

"அவன் எங்க எறக்கிவிடுறானோ அங்க" என்று மேலே கையைக் காட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது சித்தப்பா அடுத்த வருஷம் பவளக்கொடி போடலாம், அதற்கு நாரதர் தேவையில்லை என்று ஆள் திரட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா வள்ளி திருமணம்தான் என்கிறார். அத்தைக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. வள்ளியம்மா கொடுத்துவிட்டுப் போன எண்ணெய் பாதி தீர்ந்துவிட்டது. தினம் ராத்திரி போன் வேறு. எந்த ஊரில் நாடகம், எங்கே மழை, எங்கே மேடைப் படி உயரம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது அத்துபடி. ரீசார்ஜ் என் கணக்கில். எந்த நாடகம் போட்டாலும் வள்ளி நம்ம ஊருக்குத்தான் வருமாம், அத்தை வாக்கு வாங்கிவிட்டது. நாரதர் பற்றிக் கேட்டால், அது அவர் டைரி பாடு என்கிறது.