சஃபேதாவிலிருந்து சௌசா வரை: தில்லியில் மாம்பழ லஸ்ஸி

மே 11, ஞாயிறு

சஃபேதா வந்துவிட்டது. ஜனக்புரியில் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி மஞ்சள். நம் ஊரில் பங்கனப்பள்ளி என்று வாங்குகிற அதே பழம்தான். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்து லாரியில் ஆசாத்பூர் மண்டிக்கு வந்து, அங்கிருந்து தில்லி முழுவதும் பரவுகிறது. நார் கிடையாது, சதை கெட்டி, தோல் மெல்லியது. லஸ்ஸிக்கு இதைவிட வசதியான பழம் இல்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வசதி உண்மைதான். ஆனால் இதன் மணம் மிக மெல்லியது. புளித்த தயிரில் போட்டால் நிறம் மட்டும்தான் மிஞ்சும்.

“ஒரு கப் மாம்பழம், ஒரு கப் தயிர்” என்று எழுதப்படும் குறிப்புகள் மீது எனக்குக் கோபமே உண்டு. எந்த மாம்பழம்? எந்தத் தயிர்? சஃபேதாவும் தசேரியும் ஒரே பண்டமா? இந்தப் பருவம் முழுவதும், பழத்துக்குப் பழம் தயிரை எப்படி மாற்றுகிறேன் என்பதை இங்கே எழுதி வரப்போகிறேன்.

மே 13, செவ்வாய்

முதலில் தயிர்.

ஃபுல் கிரீம் பால், அதாவது 6 சதவீதம் கொழுப்புள்ளது, ஒரு லிட்டர். பொங்கியதும் இறக்கிவிடக் கூடாது. அடுப்பைத் தணித்துவிட்டு, அடிபிடிக்காமல் துழாவியபடி இன்னும் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். நீர் வற்றுவதற்காக மட்டும் அல்ல இது. நீடித்த சூட்டில் பாலில் உள்ள நீர்ப்புரதங்கள் உருக்குலைந்து கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைந்த பிறகு தண்ணீர் விடாமல் இறுக்கமாக நிற்பது பெரிதும் அந்தப் பிணைப்பால்தான். ஒரு கொதியில் இறக்கிய பாலில் உறை ஊற்றினால், கரண்டி பட்ட இடத்தில் நீர் தேங்குவதைப் பார்க்கலாம்.

விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், முந்தைய நாள் தயிரில் ஒரு தேக்கரண்டி. மண்சட்டியில் ஊற்றினால் மேலும் நல்லது. சட்டியின் நுண்துளைகள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும், தயிர் இன்னும் இறுகும். இரவில் உறை ஊற்றிவிட்டுத் தூங்கப்போகும் நம் வழக்கம் இந்த வெயிலில் லஸ்ஸிக்கு உதவாது. நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடுகிறது; அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் புளிப்புதான் ஏறும். ஆகவே காலையில் ஊற்றி, மதியம் சட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்து, தயிர் அசையாமல் நின்றதும் உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

மே 18, ஞாயிறு

எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி, பீஜி, வந்திருந்தார். அமிர்தசரஸில் பிறந்து வளர்ந்தவர். மாம்பழ லஸ்ஸி என்றதும் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் அது தன் ஊர்ச் சங்கதி இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் ஊர்க் கடைகளில் தயிரைக் கடைந்து, சர்க்கரை சேர்த்து, பெரிய டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு கட்டி மலாய், அதாவது பாலாடை, போடுவார்கள். பேடா உடைத்துப் போடும் கடைகளும் உண்டு. கிராமத்து வீடுகளில் லஸ்ஸி என்பது வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மோர். உப்பும் வறுத்த சீரகமும் போட்டுக் குடிப்பது. மாம்பழம் சேர்த்தது வெளிநாட்டு இந்திய உணவகங்களில்தான் பெரும்புகழ் பெற்றது, அதுவும் பெரும்பாலும் டப்பாவில் அடைத்த கூழில்.

நான் மிக்சியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேட்டா, அதில் போட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். மதானி எங்கே?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. கொழுப்பு மிகுந்த குளிர்ந்த தயிரை வேகமாக அடித்தால் கொழுப்புத் துளிகள் உடைந்து ஒன்றோடொன்று சேரும்; குடிக்கும்போது நாக்கில் மணல்போலத் தட்டுப்படும். என் வீட்டு மத்தும் அவருடைய மதானியும் உருவத்தில் உறவினர்கள். தயிரைத் தனியாகக் கட்டியில்லாமல் கடைந்து, பழக்கூழைத் தனியாக அரைத்து, பிறகு இரண்டையும் மத்தால் மெல்லச் சேர்த்தோம். இரண்டு கப் தயிர், ஒன்றேகால் கப் சஃபேதா கூழ், இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை. பொடித்ததுதான் வேண்டும், குளிர்ச்சியில் முழுச் சர்க்கரை கரைய நேரமெடுக்கும். இரண்டு ஏலக்காயை அப்போதே தட்டிப் போட்டோம், மணம் மெல்லிய இந்தப் பழத்துக்கு அது துணை.

ஐஸ் கட்டி போடவில்லை. போடவும் மாட்டேன். பத்து நிமிடம் பாலைக் காய்ச்சி வற்றவைத்த நீரை மறுபடியும் டம்ளருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்கா இத்தனை பாடு? கூழையே ஐஸ் தட்டில் உறையவைத்துக் கொள்ளலாம்.

மே 30, வெள்ளி

குரு அர்ஜன் தேவ் உயிர்த்தியாகம் செய்த நாள். 1606ஆம் ஆண்டு லாகூரில், கொதிக்கும் கோடையில், அவர் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். அந்த நினைவாகச் சீக்கியர்கள் தெருவோரம் சபீல் என்ற பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் குளிர்ந்த பானம் கொடுக்கிறார்கள். திலக் நகர் பக்கம் பஸ்ஸையே நிறுத்திக் கொடுத்தார்கள். பாலில் நிறையத் தண்ணீரும் சர்க்கரையும் ரோஜா சர்பத்தும் கலந்தது. கச்சி லஸ்ஸி என்று பெயர், தயிர் துளியும் இல்லை. யார் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன். இன்று வீட்டில் எதுவும் கடையவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தசேரி! லக்னோவுக்குப் பக்கத்து மலிஹாபாத் பழம். சின்னது, நீளமானது, நாரில்லாதது. கூடத்தில் வைத்தால் வாசல்வரை மணக்கிறது. இதற்குச் சர்க்கரை வேண்டாம், ஏலக்காய் வேண்டவே வேண்டாம். தயிர் கொஞ்சம் புளித்திருந்தால்தான் இதன் இனிப்பு எடுபடும். ஆகவே உறைந்தபின் இரண்டு மணி நேரம் வெளியே விட்டுவைத்தேன். தயிரும் கூழும் சம அளவு, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குளிர்ந்த பிறகு ருசி பார்த்துத்தான் எதையும் சேர்க்க வேண்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருந்தது டம்ளரில் சப்பென்று போய்விடும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “தயிர்சாதத்துக்கு மாம்பழத்தைத் தொட்டுக்கொண்டுதானே வளர்ந்தாய், சாதத்தை மட்டும் எடுத்துவிட்டாயாக்கும்” என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் இந்தப் பானத்தை எனக்கு விளக்கியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

லங்டா. பனாரஸ் பழம், பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும், ஆகவே அமுக்கியும் முகர்ந்தும்தான் வாங்க வேண்டும். இனிப்போடு கூர்மையான ஒரு நெடியும் லேசான புளிப்பும் உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். கூழைச் சல்லடையில் தேய்த்து எடுத்தால் நாரின் தொல்லை இல்லை. தயிர் புளிக்கவே கூடாது. உறைந்த அன்றே கடைந்து, இரண்டு கரண்டி பாலாடையும் சேர்த்தேன். பீஜி டம்ளரை வைத்துவிட்டு, “இன்னும் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

தங்கை குடும்பத்தோடு வந்திருக்கிறாள். குழந்தைகளுக்கு அன்னாசி லஸ்ஸி வேண்டுமாம். வேகவைக்காத அன்னாசியைத் தயிரில் அரைக்கக் கூடாது. அதில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டிவிடும். சிறிது நேரத்திலேயே தயிர் இளகிக் கசக்கத் தொடங்கும். பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் நொதி இருக்கிறது. துண்டுகளைச் சர்க்கரையோடு சில நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். அப்படியே செய்து, ஆறவைத்து, கடைந்தோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சௌசா. 1539இல் சௌசாவில் ஹுமாயூனை வென்ற ஷேர் ஷா, தனக்குப் பிடித்த பழத்துக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்தார் என்று கதை சொல்வார்கள். சாறு வழிகிற பழம், தேனுக்குப் பக்கத்து இனிப்பு. கூழ் நீர்த்திருப்பதால் தயிர் கெட்டியாக வேண்டும்: மெல்லிய துணியில் கட்டி ஒன்றரை மணி நேரம் தொங்கவிட்டேன். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசைந்தாகிவிட்டது. வடித்த தயிர் இரண்டு கப், கூழ் ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவு, முந்தைய நாள் புளித்த தயிர் ஒரு கரண்டி, உப்பு. வறுத்த சீரகப் பொடியும் தூவ வேண்டும் என்று பீஜி பிடிவாதம் பிடித்தார். எனக்கு அது மாம்பழத்தோடு சேரவில்லை. அவருடைய டம்ளரில் மட்டும் தூவிக் கொடுத்தேன்.

வண்டிக்காரர் அடுத்த வாரம் சரக்கு வருவது சந்தேகம் என்கிறார். இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, கூழாக்கி, ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறைவிப்பானில் வைத்திருக்கிறேன்.