பேக் தூக்கினவன் பார்க்கிற கோல்ஃப்

2025 சித்திரை வருடப்பிறப்பு எங்கள் வீட்டில் எப்படி விடிந்தது என்று கேட்டால் என் மனைவி இன்னும் தலையில் அடித்துக்கொள்வாள். வருடம் அதிகாலையிலேயே பிறந்துவிட்டது, கோயிலில் இருந்து கொண்டுவந்த மருத்துநீர் கிண்ணத்தோடு குசினியில் காத்திருக்கிறது, நானோ நுவரெலியாக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "இந்தப் பந்து உருட்டுறத பாக்கத்தானா விடிய விடிய முழிச்சிருக்க?" என்று அம்மா கேட்டார். ஆமாம், அதற்குத்தான்.

அமெரிக்காவில் அப்போது ஞாயிறு சாயங்காலம். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று. ரோரி மக்கில்ராயும் பிரைசன் டீஷாம்போவும் அங்கே பகல் இரண்டரைக்கு அடிக்கத் தொடங்கியபோது இங்கே சரியாக நள்ளிரவு 12 மணி. சீசன் காலம் என்பதால் டவுனில் அந்த நேரத்திலும் வாகனச் சத்தம் ஓயவில்லை. மக்கில்ராய் முதல் குழியிலேயே டபுள் போகி போட்டார், அதாவது அந்தக் குழிக்கு வைத்திருக்கிற 'பார்' என்கிற கணக்குக்கு மேல் இரண்டு அடி, நானும் "சரி, இந்த வருடமும் போச்சு, போய்ப் படுக்கலாம்" என்றுதான் நினைத்தேன். 2014க்குப் பிறகு அவருக்கு ஒரு மேஜர் பட்டம் கூடக் கிடைக்கவில்லை, மேஜர் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் அவர் ஜெயிக்க மாஸ்டர்ஸ் ஒன்றுதான் பாக்கி. வருடா வருடம் ஏப்ரலில் இந்தக் கதையைப் பேசிப் பேசியே அந்த மனிதரைப் பாதி கொன்றுவிட்டார்கள்.

படுக்கவில்லை. நல்ல வேளை.

நடுவில் ஒரு கட்டத்தில் வசதியாக முன்னால் போய்விட்டார். அப்புறம் 13ஆவது குழியில், நூறு யார்டுக்கும் குறைவான தூரம், நம்ம டவுன் கோல்ஃப் மைதானத்தில் பேக் தூக்குகிற பையனிடம் கொடுத்தாலும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின கிரீனில் எங்காவது போட்டுவிடுவான், இவர் நேராக ஓடைக்குள் போட்டார். நான் போட்ட சத்தத்தில் மகள் எழுந்து வந்துவிட்டாள். அங்கே இன்னொரு டபுள் போகி, அடுத்த குழியிலும் ஒரு அடி போனது. ஆனால் 15இல் மரங்களைச் சுற்றி வளைத்து இரும்பு மட்டையால் ஒரு அடி அடித்தார் பாருங்கள், பந்து இடது பக்கமாக வளைந்து குழிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அதை மட்டும் இதுவரை ஐம்பது தடவையாவது திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன். அடுத்து குழிக்குள் உருட்டுகிற அந்தச் சின்ன அடியை, பட் என்பார்கள், அவர் தவறவிட்டார் என்பது வேறு கதை. 17இல் மறுபடி ஒரு பேர்டி, பாருக்கு ஒரு அடி குறைவு. 18இல் பார் போட்டால் பட்டம் கையில். ஐந்தடிப் பட். நழுவியது.

எல்லோரும் அந்த இடத்தில் மக்கில்ராயின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது ஹாரி டயமண்டை. மக்கில்ராயின் கேடி, அதாவது பேக் தூக்கிக் கூட நடக்கிறவர், சிறுவயதுக் கூட்டாளி. சமமாக முடித்திருந்த ஜஸ்டின் ரோஸோடு பிளேஆஃப் ஆட மறுபடி 18ஆவது குழிக்குப் போகிற வழியில் டயமண்ட் சொன்னதை மக்கில்ராயே பிறகு பேட்டியில் சொன்னார்: போட்டி வாரம் தொடங்கிய திங்கட்கிழமை காலையில் இப்படி ஒரு நிலைமை தருகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் வாங்கியிருப்போம்தானே, என்கிற மாதிரி. அவ்வளவுதான். ஆறுதல் இல்லை, அறிவுரை இல்லை. அதே குழியில் ரோஸின் பட் போகவில்லை, மக்கில்ராய் வெட்ஜ் மட்டையில் மூன்று நாலடிக்குள் கொண்டுவந்து போட்டுப் பேர்டி எடுத்தார், முழங்காலில் விழுந்து அழுதார், நானும் மருத்துநீர் வைக்காத தலையோடு அழுதேன். நான்கு மேஜரையும் ஜெயித்துக் கேரியர் கிராண்ட் ஸ்லாம் முடித்தவர்களில் ஆறாவது ஆள்.

டயமண்ட் அந்த நேரத்தில் பேசிய பேச்சு எவ்வளவு பெரிய வித்தை என்பது பேக் தூக்கினவனுக்குத்தான் தெரியும். நான் தூக்கியிருக்கிறேன். பள்ளிக்கூட லீவு நாட்களில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து விடியற்காலையிலேயே இறங்கி, மாமாவின் பின்னால். மாமா பழைய கேடி. முதல் நாள் கிடைத்த காசில் இரண்டு ராத்தல் பாணும் ஒரு டின்மீனும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறியது, அந்தப் பேக்கின் பட்டி தோளில் பதித்த சிவப்புத் தடம், இரண்டும் ஒன்றாகத்தான் ஞாபகம் வரும்.

நுவரெலியா மைதானம் 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வெள்ளைக்காரத் துரைமார் போட்டது, பதினெட்டுக் குழி, டவுனுக்கு நடுவிலேயே கிடக்கிறது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கலாம், ஆனால் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றுமே புரியாது. பந்து போகவேண்டிய புல்வழி, அதாவது ஃபேர்வே, ஒடுக்கம், இரண்டு பக்கமும் உயர உயர மரம், இடையிடையே ஓடை. மலை உயரத்தில் காற்று மெலிசு என்பதால் பந்து கொழும்பை விடக் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் காலைக் குளிரில் அந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். எந்த மட்டை எடுப்பது என்று அவர்கள் யோசிக்கும்போது மாமா ஒன்றும் சொல்லாமல் சரியானதை மட்டும் பேக்கில் அரை அங்குலம் தூக்கிவைப்பார்.

கிரீனைப் படிக்க மாமா சொல்லிக்கொடுத்த விதம் இன்றைக்கும் எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது. மழை பெய்யும்போது எல்லோரும் கூரைக்குள் ஓடுவார்கள், அவர் மட்டும் ஓரமாக நின்று தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். "தண்ணி பொய் சொல்லாதுடா" என்பார். பனி விழுந்த காலையில் இன்னொரு சௌகரியம், முதலில் உருட்டுகிறவனின் பந்து பனியில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும், அது எங்கே வளைகிறது என்று பார்த்தால் நமக்குப் பாதி வேலை முடிந்தது. குழியின் அகலம் நாலேகால் அங்குலம், பந்து அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் போகாது. அதுதான் இந்த விளையாட்டின் கொடுமை.

இன்னொன்றும் சொன்னார். "தொர தப்பா அடிச்சா அவரு மூஞ்சிய பாக்காத. வானத்த பாரு."

இப்போது நான் கவர்ன்மென்ட் உத்தியோகம், கடன் வாங்கிய செட்டை வைத்துக்கொண்டு வருடத்துக்கு நாலைந்து தடவை ஆடுகிறவன், ஹேண்டிகேப் 24, அதாவது பாருக்கு மேல் ஏறக்குறைய அத்தனை அடி எடுக்கிறவன். ஒருமுறை திகனவுக்கு அந்தப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி இருக்கிற மைதானத்துக்கும் ஒரு சினேகிதர் தயவில் போனேன். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது, அழகென்றால் அப்படி அழகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஆறு பந்தைத் தொலைத்தேன். தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம், 2019இல் இருந்து மூன்றே நிமிடம். என்னைப் போன்றவர்களுக்கு இது அநியாயம். ஆனால் ஒரு நாளில் ஒரே ஒரு அடி வரும், ஏழாம் இரும்பில், கையில் அடித்த உணர்வே இருக்காது, வெண்ணெயை வெட்டியது மாதிரி, பந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்காக மற்றத் தொண்ணூற்றெட்டு அடியையும் மன்னிக்கலாம்.

டீவியில் வராத கோல்ஃபையும் விடாமல் பார்க்கிறேன், அதாவது போனில் ஸ்கோர் பார்க்கிறேன். இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் சுற்றான பிஜிடிஐ பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இலங்கைக் கொடிக்குப் பக்கத்தில் தங்கராஜா, பிரபாகரன் என்று பெயர் வந்தால் ஆபீசில் என்றாலும் வாய்விட்டுச் சிரித்துவிடுவேன். கிரிக்கெட் பேசுகிற கூட்டாளிகளுக்கு இது விளங்காது, நானும் விளக்குவதில்லை.

போன மாதம் ஆடினேன். எனக்குக் கேடியாக வந்த தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபது வயதிருக்கும். ஒரு குழியில் எப்படியோ மூன்றாவது அடியிலேயே கிரீனுக்கு வந்துவிட்டேன், முதல் பட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது, பாக்கி இரண்டடி. பிள்ளைகள் போடுவார்கள். நான் மூச்சை இழுத்து, மாமாவை நினைத்து, மெதுவாகத் தட்டினேன். விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தேன். தம்பி பேக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளிச்சமாகக் கிடந்தது.

"மழை வரும்போல இருக்கு, அண்ணே" என்றான்.