கிளென்ஃபார்க்ளஸ் 105-க்கு எவ்வளவு தண்ணீர்? விடை கிடைத்தது

கிளென்ஃபார்க்ளஸ் 105 என்ற ஸ்காட்ச் விஸ்கி ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. 60 சதவீத ஆல்கஹால். பாட்டிலைத் திறந்த புதிதில், அது ஊறிய ஓலோரோசோ (ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயினில் ஒரு வகை) பீப்பாயின் பழவாசனையெல்லாம் அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. தண்ணீரை அளந்து விட்ட பிறகு எல்லாம் வெளியே வந்தது.

"சில துளிகள் விட்டுப் பாருங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எவ்வளவு விஸ்கிக்கு எத்தனை துளி? விட்ட பின் எவ்வளவு நேரம் பொறுப்பது? அதைச் சொல்வாரில்லை. துளி ஓர் அளவே அல்ல என்பது என் உறுதியான கருத்து. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை வாங்குங்கள். விலை உயர்ந்த கிளாஸைவிட அதுதான் பயன்படும்.

30 மில்லி 105-இல் ஆல்கஹால் 18 மில்லி. 3 மில்லி தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 54.5 சதவீதம், 6 விட்டால் 50, 9 விட்டால் 46, 15 விட்டால் 40. ஒவ்வொன்றையும் தனித்தனி கிளாஸில் ஊற்றி வரிசையாக வைத்தேன். 3 மில்லியில் ஆரஞ்சுத் தோல் மூக்குக்கு எட்டியது. நாக்கில் இன்னும் நெருப்பு. 6 மில்லியில்தான் அற்புதம். உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பின்னால் கிராம்பு, கறுப்பு சாக்லேட், கடைசியில் நாக்கின் ஓரங்களில் ஓக் மரத்தின் துவர்ப்பு. 9 மில்லியில் இனிப்பு முந்துகிறது, பின்சுவை குறுகிவிடுகிறது. 15-இல் கசப்பு மட்டுமே மிச்சம்.

விட்ட உடனே குடிக்காதீர்கள். பத்து நிமிடம் மூடி வையுங்கள். முதலில் வாசனை தாறுமாறாகக் கிளம்பும், பிறகுதான் அடங்கி நிற்கும். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். நான் இருப்பது கிளாஸ்கோவில். லோக் காட்ரின் ஏரியிலிருந்து வரும் குழாய் நீர் மிக மென்மையானது. சுண்ணாம்பு மிகுந்த பாட்டில் தண்ணீரில் இதே 6 மில்லியை விட்டபோது பழவாசனை மங்கிப்போனது.

2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விஸ்கியில் தண்ணீர் சேர்வதைக் கணினியில் உருவகித்துப் பார்த்தார்கள். குவாயகால் என்ற மணப்பொருள் 45 சதவீதம் வரையிலான கலவையில் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. 105 அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. புகை மணம் தரும் ஒரு பொருளைப் பற்றிய ஆய்வுதான், ஷெர்ரியின் பழங்களுக்கு இது சாட்சியாகாது. ஆனால் என் மூக்கு சொன்னதும் அதே திசையைத்தான்.

50 சதவீதத்துக்கு இறக்கிய பிறகும் 105-இன் உடல், அதாவது வாயில் உணரும் கனம், தளராமல் நிற்பதற்கு, பாலிண்டலாக்கில் உள்ள கிளென்ஃபார்க்ளஸ் ஆலையில் இன்னும் நேரடித் தீயில் காய்ச்சி வடிப்பதுதான் காரணம் என்று நம்புகிறேன். 1865 முதல் ஒரே கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கும் ஆலை அது. கேரமல் நிறமும் சேர்ப்பதில்லை.

மாதிரிக் குப்பி விற்கும் கடை ஒன்றின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அங்கே வாங்கிய ஒரு ஷெர்ரி பீப்பாய் விஸ்கியில் அணைந்த தீக்குச்சி வாடை. "ஷெர்ரி என்றால் அப்படித்தான்" என்றார்கள். அப்படியில்லை! காலிப் பீப்பாய் கெடாமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள். அது மிஞ்சினால் வரும் வாடை அது. ஷெர்ரி மீது பழி போடுவது அநியாயம்.

அடுத்து கிளென்ட்ரோனக் 12 என்ற விஸ்கி. ஓலோரோசோவோடு பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெர்ரியின் பீப்பாயும் சேர்ந்தது, 43 சதவீதம். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் 105-ஐயும் 43-க்குக் கொண்டுவர வேண்டும்: 30 மில்லிக்கு ஏறத்தாழ 12 மில்லி தண்ணீர். அதன் பிறகு அபெர்லூர் அபூனா என்ற இன்னொரு ஷெர்ரி பீப்பாய் விஸ்கி. அதில் தொகுதிக்குத் தொகுதி சதவீதம் மாறுவதால் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். முதலில் மீதமுள்ள 105-ஐக் காற்று படாமல் சிறு குப்பிகளுக்கு மாற்றப்போகிறேன். 5 மில்லி, 7 மில்லி தண்ணீர் விட்டுப் பார்ப்பது இன்னும் பாக்கி இருக்கிறது.