சோலார் லைனில் ஒரு கசிவு

ஜனவரி 13
மாடி சோலார் வாட்டர் ஹீட்டரிலிருந்து குளியலறைக்கு இறங்கும் காப்பர் பைப்பில், எல்போ என்கிற வளைவு இணைப்புக்குக் கீழே கசிகிறது. சத்துவாச்சாரியில் எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் கசிந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுரண்டினால் அடியில் பச்சைக் களிம்பு. முன்பு வந்த ஒரு பிளம்பர் மேலே புட்டி அப்பிவிட்டுப் போனார். பகலில் சூட்டில் நீண்டு ராத்திரியில் சுருங்குகிற குழாயில் புட்டி எத்தனை நாள் நிற்கும்?

ஜனவரி 15
மாட்டுப் பொங்கல். கடை இல்லை, அடியில் வாளி.

எல்போவை மாற்றி நானே ஈயப் பற்று (சால்டர்) வைக்கப்போகிறேன் என்றதும், ஏசி வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். "பைப்புல தண்ணி நின்னா ஈயம் ஓடாது தம்பி, முதல்ல அதை வடிச்சுடு" என்றார். உண்மைதான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம், காரீயம் கலக்காத சால்டர் கம்பி உருகவோ சுமார் 227 டிகிரி வேண்டும்.

ஜனவரி 17
லாங்கு பஜாரில் புது எல்போ, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவும் பசை), எமரி பேப்பர் வாங்கினேன். ரேடியோ கடைக் கம்பியில் காரீயம் இருக்கும், அது வேண்டாம் என்று வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 சதவீதம் உள்ளதைக் கேட்டு வாங்கினேன். அம்மா உலை வைக்கவும் இந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கிறார், இதில் சமரசம் கிடையாது.

ஜனவரி 18
வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்துவிட்டு முழுக்க வடித்தேன். ஆனாலும் வால்வு முழுசாகப் பிடிக்கவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. பழைய எல்போவைச் சூடாக்கிக் குறடால் இழுத்து எடுத்தபின், ஓரம் நீக்கிய பிரெட்டை உருட்டி டேங்க் பக்கக் குழாய்க்குள் தள்ளினேன், சொட்டு நின்றது. (அப்புறம் தண்ணீர் விட்டால் கரைந்து வந்துவிடும்.) குழாயின் வெளிப்பக்கத்தையும் எல்போவின் உள்பக்கத்தையும் புதுக் காசு போல மின்னும்வரை தேய்த்தேன். ஜாயிண்டின் உயிரே இந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது, இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். லேசாக ஃப்ளக்ஸ் தடவி, டார்ச் தீயை எல்போ மேல் காட்டி, கம்பியைத் தீக்கு எதிர்ப்பக்கம் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சட்டென்று உருகி, இடுக்கு முழுக்கத் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது, மேல்நோக்கியும்கூட. சுற்றிலும் வெள்ளி வளையம். இறுகும்வரை குழாயைத் தொடவில்லை. ஆறியதும் ஈரத்துணியால் ஃப்ளக்ஸைத் துடைத்தேன், விட்டால் அதுவே செம்பை அரிக்கும்.

ஜனவரி 20
கசிவு இல்லை, டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. டேங்க் பக்கத்து கப்ளிங்கிலும் (குழாய் இணைப்பு) லேசாகப் பச்சை தெரிகிறது. கம்பி மீதம் இருக்கிறது, அடுத்த வாரம் வால்வை மாற்றும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.