பிணைச்சலுக்குப் பின்னால் உள்ள தகடு

"பிணைச்சல் உடைஞ்சு போச்சு, பெருசா ஒண்டு போட்டுத் தாங்கோ" என்று சொல்லி வேர்க்ஷொப்புக்குக் கொண்டுவரப்படும் இரும்பு அலுமாரிகளில் பெரும்பாலானவற்றின் பிணைச்சல் (கதவைச் சட்டத்தோடு சேர்த்து ஆடவிடும் கீல்) முழுசாகவே இருக்கும். கதவு ஒரு பக்கம் சரிந்திருக்கும், பூட்டின் நாக்கு துளைக்குள் போகாது, மேல் பிணைச்சலைச் சுற்றிப் பெயின்ற் வெடித்திருக்கும். அந்தப் பெயின்றைச் சுரண்டிப் பார்த்தால், வெல்டிங் முடிகிற இடத்தில் தகடு பிறை போலக் கிழிந்திருப்பது தெரியும். பிணைச்சலின் நடு ஆணியை ஆட்டிப் பார்த்தால் அது இறுக்கமாகத்தான் நிற்கும். கேட்டபடியே பெரிய பிணைச்சலை வைத்து வெல்டிங்கால் ஒட்டிக் கொடுத்தால், அதே கிழிசல் இன்னும் இரண்டு அங்குலம் தள்ளித் திரும்பவும் வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். கொழும்பில் வழக்கமாகச் செய்யும் ஆறடி உயர, மூன்றடி அகல, இரட்டைக் கதவு அலுமாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கதவு 450க்கு 1800 மி.மீ. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகட்டில் அடித்தால், சதுர மீற்றருக்கு 9.4 கிலோ வீதம் தகடு மட்டும் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஓர மடிப்பு, நடு விறைப்புப் பட்டை, பூட்டு எல்லாம் சேர்த்து 10 கிலோ என்று வையுங்கள். மேல் பிணைச்சலுக்கும் கீழ்ப் பிணைச்சலுக்கும் இடையில் 1500 மி.மீ. இருந்தால், கதவின் சொந்தப் பாரம் மேல் பிணைச்சலை வெளியே இழுப்பது வெறும் ஒன்றரைக் கிலோ விசையால்தான். திறந்த கதவின் கைப்பிடியில் ஒருவர் 30 கிலோ பாரம் போட்டுச் சாய்ந்தாலும் அதோடு சேர்வது 9 கிலோதான். சந்தையில் கிடைக்கும் எந்தப் பிணைச்சலும் இதைத் தாங்கும்.

தகட்டைக் கிழிக்கும் விசை வேறு இடத்திலிருந்து வருகிறது. புறக்கோட்டைக் கடைகளின் மேல்மாடி அலுவலகங்களில் அலுமாரிகளை ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிறுத்துவார்கள். கதவு 100 பாகை திறந்ததும் அதன் பிணைச்சல் பக்க ஓரம் பக்கத்து அலுமாரியின் விளிம்பில் போய் முட்டும். முட்டும் இடம் ஆணியிலிருந்து 15 மி.மீ. தூரத்தில், தள்ளும் கை 450 மி.மீ. தூரத்தில். முப்பது மடங்கு நெம்பு! தேத்தண்ணித் தட்டோடு போகிறவர் முழங்கையால் 5 கிலோ விசையில் இடித்தாலே பிணைச்சல்களை 150 கிலோ இழுக்கும். நடுவில் ஒன்றையும் சேர்த்து மூன்று பிணைச்சலும் பங்கிட்டாலும் ஒன்றுக்கு 50 கிலோ. அந்த இழுவை 1.2 மி.மீ. தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. தகடு ஒவ்வொரு முறையும் முடியளவு மடிந்து திரும்பும். அப்படிச் சில நூறு தடவை நடந்தால் வெல்டிங்கின் ஓரம் வெடிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே பிணைச்சலைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே கதவு எங்கே நிற்கப் போகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஆணியிலிருந்து 150 மி.மீ. தள்ளி ஒரு நிறுத்துக் கம்பியோ சங்கிலியோ வைத்தால் அதே இடி 15 கிலோவாகச் சுருங்கும். இடம் இருந்தால் கதவு 180 பாகை திரும்பி அடுத்த கதவின் முகத்திலோ சுவரிலோ படியும்படி பிணைச்சலை முகப்பில் வைப்பது இன்னும் நல்லது. நிறுத்துக் கம்பிக்குச் செலவு சொற்பம். ஆனாலும் விலைப்பட்டியலில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். வாங்குபவர் கண்ணுக்கு அது ஒரு தேவையில்லாத கம்பி.

அடுத்தது தகடு. 18 கேஜ் என்று விற்கப்படுவது எல்லாமே 1.2 மி.மீ. இருக்கும் என்று நம்பக்கூடாது. பழைய சோனகத் தெருவில் தகடு எடுக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு மைக்ரோமீற்றர் இருக்கட்டும். வளைவுக்கு எதிரான விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 1.2 என்று வாங்கியது 1.0 ஆக இருந்தால், விலையில் ஆறில் ஒரு பங்குதான் ஏமாற்றம், விறைப்பிலோ நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

தகடு சரியாகவே இருந்தாலும் பிணைச்சலைத் தனித் தகட்டில் ஒட்டுவது தவறு. சட்டத்தின் உள்பக்கம் 25க்கு 3 மி.மீ. பட்டை ஒன்று ஓட வேண்டும். பிணைச்சலுக்குப் பின்னால் மட்டும் 100 மி.மீ. துண்டு வைப்பதுதான் வழக்கம். அது ஒன்றும் இல்லாததைவிட நல்லது, ஆனால் கிழிசல் பிணைச்சலின் ஓரத்திலிருந்து அந்தத் துண்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பட்டையை மேலிருந்து கீழ் வரை முழு நீளத்துக்கும் ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இரும்பு கூடும். அதற்குப் பதிலாகச் சட்டம் முறுக்குவதும் நிற்கும். பட்டையைத் தொடர்ந்து ஒட்டத் தேவையில்லை. 15 மி.மீ. ஒட்டு, 80 மி.மீ. இடைவெளி, பிறகு மறுபடி ஒட்டு. பட்டையின் நுனிக்குக் குறுக்காக ஒட்டுப் போடாமல் 10 மி.மீ. முன்னாலேயே நிறுத்த வேண்டும். குறுக்கு ஒட்டின் ஓரம்தான் வெடிப்பு பிறக்கும் இடம். கதவின் பக்கத்திலும் இதே வேலை தேவை. சட்டத்தைப் பலப்படுத்திவிட்டுக் கதவை மறந்தால் அடுத்த கிழிசல் கதவில் வரும்.

ஸ்குரூவில் மாட்டும் பிணைச்சலுக்கும் இதே நியாயம்தான். எம்5 ஸ்குரூவின் மரைக்கு மரை தூரம் 0.8 மி.மீ. அதை 0.8 மி.மீ. தகட்டில் ஏற்றினால் ஒரே ஒரு மரை பிடிக்கும். குறைந்தது மூன்று மரை பிடிக்க வேண்டும் என்றால் 2.4 மி.மீ. தடிப்பு வேண்டும், ஆக மறுபடியும் அதே 3 மி.மீ. பட்டைக்குத்தான் வருகிறோம். பொப் றிவெட் போடுவதென்றால் இரும்பு றிவெட் போடுங்கள். அலுமினிய றிவெட் முதல் நாள் இறுக்கமாக இருக்கும், கதவு ஆட ஆடத் துளைக்குள் தேய்ந்து தளரும்.

எந்தப் பிணைச்சல் என்பது இதற்குப் பிறகுதான். கடையில் வெறுமனே பிணைச்சல் என்றோ, சிங்களத்தில் சரனேருவ என்றோ கேட்டால் மரக்கதவுக்கான இரட்டை இலைப் பிணைச்சலை எடுத்து நீட்டுவார்கள். தகட்டு அலுமாரிக்கு அது ஒத்துவராது. இலையின் துளைகள் மரத்துக்கான ஸ்குரூவைக் கணக்குப் பண்ணிப் போட்டவை. இரும்புக்கு வேண்டியது இரண்டு துண்டாக வரும் ஒட்டுப் பிணைச்சல், பாஸ்மார் புல்லட் என்று சொல்வது. மெல்லிய தகட்டுக் கதவு என்றால் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ பிணைச்சலும் நன்றாக வேலை செய்யும். அது பாரத்தைப் பரப்பிவிடும், ஆனால் அதன் இலைக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் ஒளிந்துகொள்ளும்.

ஆணி வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கதவின் மேலும் கீழும் மறைவாக ஆணி வைப்பதும் உண்டு. பார்க்க அழகு. அதில் பிழைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கதவின் தடிப்பு 20 மி.மீ., ஆணி ஓரத்திலிருந்து 10 உள்ளே, தடிப்பின் சரி நடுவே 10 என்று வைத்தால், கதவு சுழலும்போது முன் மூலை 14.1 மி.மீ. ஆரத்தில் வட்டமடிக்கும். ஆணியிலிருந்து ஓரத்துக்கு உள்ளது 10. மிச்சம் 4.1 மி.மீ. சட்டத்தில் உரசும். அதற்காக 5 மி.மீ. இடைவெளி விட்டால் அலுமாரி பல்லிளிக்கும். அதே ஆணியை முன் முகத்திலிருந்து 5 மி.மீ.க்கு நகர்த்தினால் ஆரம் 11.2, தேவைப்படும் இடைவெளி 1.2தான். வெட்டுவதற்கு முன்னர் ஒரு காட்போட் துண்டை வெட்டிக் குண்டூசியில் குத்திச் சுழற்றிப் பார்த்தால் இது இரண்டு நிமிட வேலை.

மூன்று பிணைச்சல் போட்டால் பலம் மூன்று மடங்கு என்று நினைப்பது இன்னொரு மயக்கம். மேலேயும் கீழேயும் உள்ளவை ஓரத்திலிருந்து 150 மி.மீ.யில் இருக்கட்டும். நடுவில் உள்ளதன் வேலை கதவு வயிறு தள்ளாமல் பிடிப்பது. கீழ்நோக்கிய பாரத்தை மூன்றும் சமமாகப் பங்கிடுவதே இல்லை. எதன் வாஷரில் இடைவெளி குறைவோ அது மட்டும் முழுக்கதவையும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகையால் ஒவ்வொன்றும் தனியாகவே கதவைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். 10 கிலோக் கதவுக்கு 2 நூல் ஆணி, அதாவது 6 மி.மீ.யும் சற்று மேலேயும், போதும். கனமான பத்திரப் பெட்டிக் கதவுக்கு 3 நூலுக்குப் போகலாம். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு பித்தளை வாஷர் கட்டாயம். இரும்பு இரும்பில் தேய்ந்தால் கதவின் கீழே கபில நிறத் தூள் விழும்.

மூன்று ஆணியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பாதி அலுமாரிகள் இதில்தான் கெடுகின்றன. டேப்பில் அளந்து, கண்ணால் பார்த்து ஒட்டினால் ஒரு மி.மீ. விலகல் சாதாரணம். கதவு திறக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தகட்டை முறுக்கிக்கொண்டு திறக்கும். நேர் பார்க்க எளிய வழி ஒரு நல்ல கோணக் கம்பி. மூன்று புல்லட்டையும் அதன் உள்மூலையில் வரிசையாகப் படுக்கவைத்துக் கிளாம்ப் போட்டால் அவை தாமாக நேராகும். வேர்க்ஷொப்பிலேயே 16 மி.மீ. உருண்டைக் கம்பியில் 8.2 துளையிட்டுச் செய்த பிணைச்சல் என்றால் இன்னும் சுலபம். நீளமான 8 மி.மீ. பிரைட் கம்பி ஒன்றை எல்லாத் துண்டுகளுக்குள்ளும் கோத்துவிட்டு ஒட்டலாம்.

ஒட்டும் முறைக்கும் ஒழுங்கு இருக்கிறது. சட்டத்தையும் கதவையும் சமமான மேசையில் படுக்கவைத்து, சுற்றிவர 3 மி.மீ. பட்டைத் துண்டுகளைச் செருகி இடைவெளியைப் பூட்டுங்கள். ஒவ்வொரு பிணைச்சலுக்கும் இரண்டு பொட்டு மட்டும் வைத்து, கிளாம்பைக் கழற்றிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சரியென்றால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், பிறகு நடுவே என்று ஆறவிட்டு ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டினால் சூடு ஆறும்போது சட்டம் வெல்டிங் பக்கமாக வில் போல வளையும். 6013 வெல்டிங் குச்சியில் 2 மி.மீ. பருமன், 50 அம்பியர் வாக்கில் போதும். 2.5 குச்சியை எடுத்தால் 1.2 தகட்டில் ஓட்டை விழும். தீப்பொறியைத் தடித்த பட்டைப் பக்கமாகப் பிடித்து, உருகிய இரும்பைத் தகட்டுக்குத் தடவிவிட வேண்டும். பிணைச்சலின் நடுவெட்டில் ஈரத்துணி சுற்றாவிட்டால் தெறிக்கும் மணிகள் உள்ளே போய் ஆணியைக் கடிக்கும்.

வேலை முடிந்ததும் கதவைப் பல கோணங்களில் திறந்து கையை விட்டுப் பாருங்கள். எங்கே விட்டாலும் ஒரே இடத்துக்கு மெதுவாக ஓடினால் ஆணிக்கோடு நிலைக்குத்தாக இல்லை என்று அர்த்தம். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஸ்பிரிங் போலத் துள்ளித் திரும்பினால் மூன்று ஆணியும் ஒரே கோட்டில் இல்லை. முதலாவதை அலுமாரிக் காலுக்குக் கீழே தகட்டுத் துண்டு வைத்துத் தீர்க்கலாம். இரண்டாவதற்கு நடுப் பிணைச்சலை வெட்டியெடுக்கத்தான் வேண்டும்.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் கிறீஸ், நைலோன் வாஷர் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. அடுப்பின் சூடு 180 பாகை செல்சியஸுக்கு மேல் போகும். கிறீஸ் உருகி வழிந்த இடத்தில் பவுடர் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். பூச்சு ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரோன். ஆணித் துளையில் இரண்டு பக்கமும் படிந்தால் 0.15 மி.மீ. போய்விடும். 8.2 துளையில் 8 ஆணி போட்டவருக்கு அதோடு கதை முடிந்தது. துளைக்குச் சிலிக்கன் அடைப்பான் வைத்தே அனுப்ப வேண்டும். கழுவும் தொட்டியின் அமிலமும் பிணைச்சல் இடுக்கில் தங்கி, மூன்று மாதம் கழித்துத் துருநீராகக் கீழே வழியும். கோட்டிங் பாஸிடம் காற்றடித்து உலர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மரைன் டிரைவைப் பார்த்த கட்டடங்களுக்கு ஆணி மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். அதில் 304 வகை கூட உப்புக்காற்றில் தேத்தண்ணிக் கறை போல நிறம் மாறும், 316 வகை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அங்கே ஆணியைவிட முதலில் போவது, பெயின்ற் எட்டாத அந்தப் பின்பட்டையின் இடுக்குத்தான். அதற்குள் துத்தநாகம் கலந்த பிறைமரை ஒட்டுவதற்கு முன்னரே தடவ வேண்டும். ஒட்டு விழும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம்.

பூட்டிவைக்கும் அலுமாரியில் ஆணி வெளியே தெரிந்தால், கிறைண்டர் வைத்திருப்பவனுக்குப் பூட்டைத் தொடவே தேவையில்லை. பிணைச்சல் பக்க ஓரத்தில் இரண்டு 8 மி.மீ. கம்பித் துண்டை ஒட்டி, கதவு மூடும்போது அவை சட்டத்தின் துளைக்குள் போகும்படி செய்தால், ஆணியை வெட்டினாலும் கதவு வராது. மின்சாரப் பலகைப் பெட்டி என்றால் கதவுக்கும் சட்டத்துக்கும் தனியாகச் செம்புப் பின்னல் பட்டை போட வேண்டும், பிணைச்சலை நம்பி எர்த் கொடுக்கக்கூடாது.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை. அலுமாரியைச் சுவரோடு கட்டி, நீர்மட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்து, கதவை 90 பாகை திறந்து, கதவின் வெளி ஓரம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கைப்பிடியில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். இறக்கிய பிறகு மறுபடி அளந்தால் பழைய அளவு வர வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் மேல் பிணைச்சலின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பட்டை தகட்டைவிட்டு விலகிய இடம் விரலுக்குத் தட்டுப்படும்.